முதல் 5 லிட்டர் தேன்மது: ஈஸ்டைப் பட்டினி போடாமல் செய்வது எப்படி

தேன், தண்ணீர், ஈஸ்ட் மூன்றும் போதும் என்றுதான் பெரும்பாலான குறிப்புகள் தொடங்குகின்றன. பலருடைய முதல் ஜாடி கெட்டுப்போவதும் அதை நம்பித்தான். தேனின் எடையில் 80 சதவீதம்போலச் சர்க்கரை. ஆனால் ஈஸ்ட் பெருகுவதற்கு வேண்டிய நைட்ரஜன் அதில் பெயருக்குத்தான் இருக்கிறது. திராட்சைச் சாற்றில் அது ஓரளவு இயல்பாகவே உண்டு, அதனால் வைன் செய்கிறவருக்கு இந்தத் தலைவலி குறைவு. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றத்தையும், தொண்டையில் சுடும் ஆல்கஹால்களையும் விட்டுவிட்டுப் போகும். ஒரு வருஷம் வைத்திருந்தால்தான் தேன்மதுவை வாயில் வைக்க முடியும் என்ற பேச்சுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

முதலில் சட்டம். பிரிட்டனிலும் கனடாவிலும் சொந்த உபயோகத்துக்கு, விற்காமல், வீட்டில் செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். ஆகவே இது அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்களுக்கான குறிப்பு. அளவுகளும் பிரிட்டன் கடைகளில் கிடைக்கும் 4.5 லிட்டர் கண்ணாடி டெமிஜானை (குறுகிய கழுத்துள்ள பெரிய ஜாடி) வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன.

தேவையானவை

தேன் 1.5 கிலோ. குளோரின் வாடை இல்லாத தண்ணீர் 4 லிட்டர். லால்வின் 71பி என்ற வைன் ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட் ஒன்று. உலர்ந்த ஈஸ்டை எழுப்பும்போது கொடுக்கும் சத்தான கோ-ஃபெர்ம் 6 கிராம், புளிக்கும்போது கொடுக்கும் ஈஸ்ட் உணவான ஃபெர்மெய்டு ஓ 4.5 கிராம். மூடியுள்ள 10 லிட்டர் உணவுத்தர வாளி, டெமிஜான், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டரும் அதற்கான உயரக் குழாயும், சைஃபன் குழாய், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு. தராசு இல்லாமல் தேக்கரண்டிக் கணக்கில் ஈஸ்ட் உணவைப் போட ஆரம்பித்தால் அளவு எங்கேயோ போய்விடும்.

முதல் முறைக்கு விலை உயர்ந்த தேன் வேண்டாம். அதற்காகச் சூப்பர்மார்க்கெட்டின் மிக மலிவான கலப்புத் தேனும் வேண்டாம். புளித்து முடிந்தபின் சர்க்கரை போய்விடும், மிஞ்சுவது வாசனை மட்டுமே. வாசனையே இல்லாத தேனில் தொடங்கினால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது. போரேஜ் போன்ற இளநிறத் தேன் நல்ல தொடக்கம். ஹெதர் தேன் அருமையானதுதான், ஆனால் ஜெல்லிபோல் உறைந்து நிற்கும், கரைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டி ஈஸ்ட் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். புளிக்கும்தான். ஆனால் அது சரியாக அடியில் படியாது, வாசனையும் மாவு பக்கம் போகும். வைன் ஈஸ்ட் பாக்கெட்டின் விலை தேனின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

படி 1: கழுவுதல், கிருமிநீக்கல்

இவை இரண்டு வெவ்வேறு வேலை. முதலில் சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலச வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கியைக் கலந்து, தேன்மது தொடப்போகும் எல்லாவற்றையும் அதில் இரண்டு நிமிடம் நனைக்க வேண்டும். அதன்பின் அலசக் கூடாது. ஒட்டியிருக்கும் நுரையால் கெடுதல் இல்லை.

குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் முந்தைய நாளே கால் கேம்டன் மாத்திரையை (சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலந்து வையுங்கள். சில ஊர்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமின் இருந்தாலும் போய்விடும். கொதிக்கவைத்தால் குளோரின் போகும், குளோரமின் லேசில் போகாது. அது தங்கிவிட்டால் முடிவில் மருந்துக்கடை வாடை வரும்.

படி 2: தேனைக் கரைத்தல்

காய்ச்ச வேண்டாம். காய்ச்சினால் வாசனையில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். தேன் பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தினால் தானாக இளகி ஓடும். வாளியில் ஊற்றி, 3 லிட்டர் தண்ணீர் சேர்த்து, கரண்டியால் அடித்துக் கலக்குங்கள். கரைந்ததும் மொத்தம் 5 லிட்டர் வரும்வரை தண்ணீர் விடுங்கள். டெமிஜான் 4.5 லிட்டர்தானே என்றால், மிச்ச அரை லிட்டர் அடியில் வண்டலாகக் கழியும்.

இந்த ஒரு கட்டத்தில் மட்டும் காற்று நல்லது. ஈஸ்ட் தன் செல்சவ்வைக் கட்ட ஆக்சிஜன் வேண்டும். ஐந்து நிமிடம் நுரைக்க அடியுங்கள்.

இப்போது ஹைட்ரோமீட்டர். அது நீர்மத்தின் அடர்த்தியைக் காட்டும்: வெறும் தண்ணீருக்கு 1.000, சர்க்கரை கூடக்கூட அளவு ஏறும், புளிக்கப் புளிக்க இறங்கும். குழாயில் ஊற்றி, மீட்டரை லேசாகச் சுழற்றிவிட்டால் ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிரும். கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியோரம் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, நடுவில் தாழ்ந்திருக்கும் மட்டத்தைப் படியுங்கள். 1.088 பக்கத்தில் காட்டும். 1.070 காட்டினால் தேன் குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அடியில் கரையாமல் கிடக்கும். மறுபடி கலக்கிப் பாருங்கள்.

எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லும் பழைய குறிப்புகளை இங்கே கேட்காதீர்கள். புளிக்கப் புளிக்கப் பிஎச் தானாகவே இறங்கும், அதைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் தேனில் குறைவு. தொடக்கத்திலேயே அமிலம் சேர்த்தால் நடுவழியில் ஈஸ்ட் படுத்துவிடும். புளிப்பு வேண்டுமென்றால் கடைசியில் சேர்க்கலாம்.

படி 3: ஈஸ்டை எழுப்புதல்

125 மில்லி தண்ணீரை 43 டிகிரிக்குச் சூடாக்கி, 6 கிராம் கோ-ஃபெர்ம் கரையுங்கள். 40 டிகிரிக்கு ஆறியதும் ஈஸ்டைத் தூவி, 15 நிமிடம் விடுங்கள். மேலே பழுப்பு நிறத்தில் குழைந்து, பாலாடைபோல் உப்பி வரும். பிறகு வாளியிலிருந்து ஒரு கரண்டி தேன்நீரை இதில் விட்டு ஐந்து நிமிடம், இன்னொரு கரண்டி, மறுபடி ஐந்து நிமிடம். இரண்டின் வெப்பமும் 10 டிகிரி வித்தியாசத்துக்குள் வந்தபின் வாளியில் ஊற்றலாம். 40 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்குள் ஒரேயடியாகக் கொட்டினால் அதிர்ச்சியில் கணிசமான ஈஸ்ட் செத்துப்போகும்.

வாளியை 18 முதல் 20 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள். லண்டன் வீடுகளில் பாய்லர் இருக்கும் அலமாரிதான் இதமாக இருக்கும் என்று பலர் அங்கே வைப்பார்கள். அது வேண்டாம். புளிப்பதே சூட்டைக் கிளப்பும், அறையின் சூடும் சேர்ந்தால் சுடும் ஆல்கஹால் உறுதி.

படி 4: சோறு போடுதல்

மொத்தம் 4.5 கிராம் ஃபெர்மெய்டு ஓ. அதை நான்காகப் பிரித்து, தடவைக்கு 1.1 கிராம் வீதம் 24, 48, 72ஆம் மணி நேரங்களில் மூன்று தடவை. நான்காவது தடவை, ஹைட்ரோமீட்டர் அளவு 1.060க்கு இறங்கும்போது அல்லது ஏழாம் நாள், எது முதலில் வருகிறதோ அப்போது. ஒரேயடியாக முதல் நாளே போட்டால் ஈஸ்ட் தலைதெறிக்கப் பெருகி, சூடேறி, பிறகு பசியில் வாடும். ரொம்பத் தாமதமாகப் போட்டால், ஆல்கஹால் ஏறிய நிலையில் ஈஸ்டால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மிச்சம் கெடுக்கும் கிருமிகளுக்குத் தீனி.

பொடியை அப்படியே தூவாதீர்கள். வாளியில் கரியமில வாயு கரைந்து நிறைந்திருக்கும். ஒவ்வொரு பொடித்துகளும் அது வெளியேற ஒரு வாசல். சோடாவில் உப்புப் போட்டதுபோல் இரண்டு நொடியில் நுரை பொங்கித் தரையெல்லாம் தேன். முதலில் கரண்டியை மெல்ல, மிக மெல்லச் சுற்றி வாயுவை வெளியேற்றுங்கள். பொடியை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து அதன்பின் ஊற்றுங்கள். அளவு 1.060க்கு வரும்வரை காலையும் மாலையும் இப்படி வாயுவை விடுவித்தால் ஈஸ்டுக்கு மூச்சுத்திணறல் இராது. அதற்குமேல் கலக்க வேண்டாம்.

அழுகிய முட்டை வாடை வந்தால்? முதல் வாரமென்றால், அடுத்த பங்கு உணவை உடனே கொடுத்து நன்றாக வாயுவை விடுவியுங்கள், ஒரு நாளில் பெரும்பாலும் தணியும். வாடை இல்லாமல் அளவு மட்டும் மூன்று நாளாக 1.040 போன்ற இடத்தில் நின்றுவிட்டால் பிஎச் தாளில் சோதியுங்கள். 3.2க்குக் கீழே இருந்தால் கால் தேக்கரண்டி பொட்டாசியம் பைகார்பனேட்டைக் கரைத்து மெதுவாகச் சேருங்கள். சமையல் சோடா வேண்டாம், உப்புக் கரிக்கும்.

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூடி ஓரத்தில் கசிந்தாலும் குமிழி நிற்கும். ஒரு வார இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக, 1.000 அல்லது அதற்குக் கீழே இருந்தால் முடிந்தது. மூன்று, நான்கு வாரம் ஆகும். தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: 1.088லிருந்து 0.998க்கு இறங்கியிருந்தால் 11.8.

படி 5: தெளியவைத்தல்

புளித்து முடிந்ததை வாளியிலிருந்து டெமிஜானுக்கு மாற்றும்போது, சைஃபன் குழாயின் மறுமுனை டெமிஜானின் அடியைத் தொட்டிருக்க வேண்டும். மேலிருந்து சலசலவென்று விழக் கூடாது. இனிமேல் ஆக்சிஜன் எதிரி; ஈரமான அட்டைப்பெட்டி வாடையைக் கொண்டுவரும். கழுத்துவரை நிரப்பி, ஏர்லாக் போட்டு, இருட்டில் விடுங்கள். இரண்டு மாதத்தில், டெமிஜானுக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து படிக்கிற அளவுக்குத் தெளியும். மதுவுக்குத் தமிழில் இருந்த பழைய பெயர்களில் ஒன்று தேறல். தேறுவது என்றால் தெளிவதுதான். சங்கப் பாட்டில் அது மூங்கில் குழாயில் முற்றியது, நம்முடையது கண்ணாடியில்.

படி 6: இனிப்பும் பாட்டிலும்

அப்படியே குடித்தால் தேன் வாசனை இருக்கும், இனிப்பு இருக்காது. சிலருக்கு அதுதான் பிடிக்கும். இனிப்பு வேண்டுமென்றால் வெறுமனே தேன் ஊற்றி மூடிவிடாதீர்கள். ஈஸ்ட் திரும்ப எழுந்து, அடைத்த பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு விளையாட்டல்ல. தெளிந்த மதுவில் ஒரு கேம்டன் மாத்திரை, அரைத் தேக்கரண்டி பொட்டாசியம் சார்பேட் இரண்டையும் சேர்த்து ஒரு நாள் விடுங்கள். சார்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால்தான் தெளிந்தபின் போடுவது. மாத்திரை இல்லாமல் சார்பேட் மட்டும் போட்டால், பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற வாடையை உண்டாக்கும். அதற்கு மாற்று கிடையாது, கொட்ட வேண்டியதுதான்.

பிறகு 100 கிராம் தேன் சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள். 4.5 லிட்டரில் அது அளவை ஆறு புள்ளிபோல (0.006) உயர்த்தும். 1.010 தொட்டால் இளம் இனிப்பு, 1.025 தாண்டினால் இனிப்பு வகை. இரண்டு வாரம் ஏர்லாக்கோடு விட்டு, அளவு அசையவில்லை என்றால் 750 மில்லி பாட்டில்களில் அடைக்கலாம்.

படி 7: சுவைகூடத்தில் செய்வதுபோல் சுவைத்தல்

பாட்டிலை அடைப்பதற்கு முன்போ பின்போ, ஒரு மீடரியின் (தேன்மது ஆலை) சுவைகூடத்துக்குப் போய்வருவது நல்லது. ஆனால் எல்லாத் தேன்மதுவும் ஒன்றல்ல. நார்தம்பர்லாந்தின் ஹோலி ஐலண்டில் உள்ள செயின்ட் ஏடன்ஸ் வைனரியின் லிண்டிஸ்ஃபார்ன் மீட், தேனோடு புளித்த திராட்சைச் சாறும் மூலிகையும் சேர்த்து, வெளியிலிருந்து மதுசாரமும் கூட்டியது. புனேயில் மூன்ஷைன் மீடரி தருவது நுரைக்கும் லேசான வகை. இவற்றோடு உங்கள் டெமிஜானை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். பலகையில் மெலோமெல் என்று எழுதியிருந்தால் பழம் சேர்த்தது, மெதெக்லின் மசாலா, சைசர் ஆப்பிள், பைமென்ட் திராட்சை. முதலில் எதுவும் சேர்க்காத வகையைக் கேளுங்கள். எந்தப் பூவின் தேன் என்று பரிமாறுகிறவரைக் கேட்டால், நல்ல இடமென்றால் பதில் உடனே வரும்.

வீட்டிலும் அதே முறைதான். 10 முதல் 12 டிகிரிக்குக் குளிரவைத்து, வாய் குறுகிய கோப்பையில் 30 மில்லி மட்டும். இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்புக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் இனிப்பில்லாதது வெறும் புளிப்பாகப்படும். கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். நெயில் பாலிஷ் நீக்கி வாடை என்றால் சூட்டில் புளித்திருக்கிறது அல்லது ஈஸ்ட் தவித்திருக்கிறது. காடி வாடை என்றால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது, பழ ஈயும் உடந்தையாக இருந்திருக்கலாம். முகர்ந்ததை உடனே லேபிளில் தேதியோடு எழுதுங்கள், தேனின் பெயரையும் சேர்த்து. திறந்த பாட்டிலை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வாசனை குறையாமல் இருக்கும்.