இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பினால் உக்ரேனியத் தாத்தா கிடைக்கமாட்டார்

1891-க்கும் 1914-க்கும் இடையில் ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர்கள் கனடாவில் குடியேறினார்கள். பெரும்பாலோர் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா, புகோவினா பகுதிகளைச் சேர்ந்த விவசாயிகள். அவர்களுடைய கொள்ளுப்பேரன் பேத்திகள் வேர்களைத் தேடும்போது செய்யும் முதல் தவறு, வீட்டில் இப்போது எழுதும் குடும்பப் பெயரை அப்படியே தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று கணினியை மூடிவிடுவது.

ஷெவ்சுக் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். செருப்புத் தைப்பவரின் மகன் என்று பொருள். உக்ரேனியரிடையே ரொம்பச் சாதாரணமான பெயர். உக்ரேனியத்தை எழுதும் சிரிலிக் எழுத்துமுறையில் ஆறே எழுத்து. கலீசியாவில் அலுவலக மொழி போலிஷ். அங்கே குமாஸ்தா 'ஷ' ஒலிக்கு எஸ்-இசட், 'ச்ச' ஒலிக்கு சி-இசட், 'வ' ஒலிக்கு டபிள்யூ போடுவார். புகோவினாவில் ஜெர்மன். அங்கே 'ஷ' என்பது எஸ்-சி-எச், 'ச்ச' என்பது டி-எஸ்-சி-எச். பெயர் பதினொரு எழுத்துக்கு நீண்டுவிடும். முதல் உலகப் போருக்குப் பின் புகோவினா ருமேனியாவிடம் போனதும் அதே பெயர் கடைசியில் 'கே'-க்குப் பதில் 'சி' போட்டு முடிந்தது. கனடாவில் தொடக்கம் ஆங்கில எஸ்-எச் ஆகிவிட்டாலும் நடுவில் பழைய டபிள்யூ பல குடும்பங்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அது போலிஷ் அல்லது ஜெர்மன் காகிதத்தின் எச்சம். ஆக, எழுத்துக்கூட்டல் மாறினால் குடும்பம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். யார் எந்த மொழியில் எழுதினார் என்று கேளுங்கள், ஒலி பிடிபடும்.

அடுத்த சறுக்கல் முதல் எழுத்தில். பழைய பெயர்ப் பட்டியல்களைத் தேட உதவும் சவுண்டெக்ஸ் முறை, முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை எண்ணாக்கும். யரெம்சுக் என்பதைப் போலிஷ் வழியில் 'ஜே' போட்டு எழுதினால் ஜே-652. ஆங்கில வழியில் 'ஒய்' போட்டால் ஒய்-652. எண் ஒன்றுதான், ஆனால் தேடலில் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஹ்னாத்யுக் என்பதிலும் இதே வம்பு. உக்ரேனியத்தில் 'ஹ' என்று ஒலிக்கும் எழுத்தை ரஷ்யப் பழக்கத்தில் 'ஜி' போட்டு எழுதிவிடுவார்கள். 1985-இல் வந்த டாய்ட்ச்-மொகொடோஃப் முறை கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்காகவே செய்யப்பட்டது. அதில் தொடக்கத்தில் வரும் 'எச்', 'ஜி' இரண்டுக்கும் எண் 5. நீங்கள் தேடும் இணையதளத்தில் அந்த வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

"நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்" என்ற கதையையும் மறந்துவிடலாம். கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனம் பயணிகள் பட்டியலை எழுதிவிடும். இறங்கும் இடத்தில் அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். அதோடு, கனடாவுக்குப் போன பலர் எல்லிஸ் தீவைப் பார்த்ததே இல்லை. அவர்கள் இறங்கியது கியூபெக்கிலோ ஹாலிஃபாக்ஸிலோ. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெருமளவு இருக்கின்றன. இன்னொரு ஜெர்மன் துறைமுகமான பிரேமனின் பட்டியல்களில் பெரும்பகுதி போய்விட்டது. பெயர் உண்மையில் மாறியது பின்னால்தான்: பள்ளியில், வேலையிடத்தில், குடியுரிமை வாங்கும்போது.

முதற்பெயர் இன்னும் மோசம். கலீசிய உக்ரேனியரின் தேவாலயமான கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். வசீல் அங்கே பசிலியஸ், கனடாவில் வில்லியம். ஹ்ரிஹோரி ஹாரி ஆவார், பராஸ்கா பேர்ல் ஆவாள், த்மித்ரோ மெட்ரோ ஆவார் (ரயில் இல்லை, மனிதர்தான்). வில்லியம் என்று உக்ரேனின் லிவிவ் நகர ஆவணங்களில் தேடினால் வெறுங்கை.

கல்லறைக் கல்லைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். சிரிலிக்கில் ஆங்கில 'சி' போலத் தெரிவது 'ஸ' ஒலி. 'பி' போலத் தெரிவது 'ர'. சொரோகா என்ற பெயரை ஆங்கிலக் கண்ணோடு படித்தால் 'கொபொகா' என்று ஒரு புது வம்சமே பிறந்துவிடும்.

பிறந்த நாடு ஆஸ்திரியா என்று மக்கள்தொகைக் கணக்கில் கண்டதும் வியன்னாவில் தேடப் போகாதீர்கள். கலீசியர், ருத்தேனியர், புகோவினியர் என்று எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் உக்ரேனியர்கள்தான். கலீசியா என்று ஸ்பெயினிலும் ஒன்று இருக்கிறது, அது வேறு.

சரி, பெயரை நம்பக்கூடாதென்றால் எதை நம்புவது? கிராமத்தை. ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் குடியேறினார்கள். 1891-இல் முதலில் வந்தவர்களாகக் கருதப்படும் இவான் பிலிபிவ், வசீல் எலெனியாக் இருவரும் நெபிலிவ் என்ற கிராமத்தினர். பின்னால் அந்த வட்டாரத்தினர் பலர் எட்மண்டனுக்குக் கிழக்கே திரண்டார்கள். அந்த பிலிபிவின் பெயரே கனடாவில் பிலிபோவ் என்றும் எழுதப்படுகிறது! ஆகவே உங்கள் முன்னோரின் ஊர் தெரியாவிட்டால் அக்கம்பக்கத்தாரின் ஊரைத் தேடுங்கள். 10 டாலர் கட்டி 160 ஏக்கர் வாங்கிய நில விண்ணப்பங்கள் இதற்கு நல்ல வழி.

ஊர் கிடைத்ததும் லிவிவ் மத்திய வரலாற்று ஆவணக் காப்பகத்தின் 201-ஆம் தொகுப்பில் கிரேக்கக் கத்தோலிக்கப் பதிவேடுகளைப் பார்க்கலாம். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு மூன்று வசீல் ஷெவ்சுக்குகள் இருப்பது சகஜம். இங்கே எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதும் ஏமாற்றும். வீட்டு எண்ணுக்கென்று பதிவேட்டில் தனிக் கட்டம் இருக்கிறது, அதை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். சில ஊர்களில் எண்களை நடுவில் மாற்றியும் போட்டிருக்கிறார்கள். எண் திடீரென்று மாறியிருந்தால், அதே ஆண்டுகளில் பக்கத்து வீட்டுக்காரர்களின் எண்களும் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.