கரி நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை: ஒஸ்த்ராவாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

செக் நாட்டுக் கிறிஸ்துமஸ் சந்தை என்றால் எல்லோரும் ப்ராக் நகரத்துக்குத்தான் வழி சொல்வார்கள். அழகான சந்தைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உங்களுக்கு முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் உங்களைப் போலவே வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து நிற்கிற சந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டின் கிழக்குக் கோடியில், போலந்து எல்லைக்கு அருகில் இருக்கும் ஒஸ்த்ராவாவுக்குப் போகச் சொல்வேன். 1763-இல் இந்தப் பகுதியில் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. 1828-இல் வீட்கொவிட்சே இரும்பாலை வந்தது. நகருக்குள் கரி வெட்டுவது நின்றது 1994-இல்தான். ‘குடியரசின் எஃகு இதயம்’ என்று ஒரு காலத்தில் இந்த ஊரை அழைத்தார்கள். நான் பட்ட சிறுசிறு அவதிகளை நீங்களும் படவேண்டாம் என்பதற்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

சந்தை நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்துக் கிறிஸ்துமஸுக்கு முன்பு முடியும். சரியான தேதிகளை நகராட்சி ஒவ்வோர் ஆண்டும் தனியாக அறிவிக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பு அதைப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் டிசம்பர் 4, 5 இரண்டு நாட்களும் அங்கே இருக்குமாறு திட்டமிடுவது நல்லது. 4-ஆம் தேதி புனித பார்போரா திருநாள். பார்போரா சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதர். ஆகவே இந்த ஊரில் அந்த நாளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அன்று செர்ரி மரத்தின் கிளையை வெட்டி வந்து வீட்டில் தண்ணீரில் வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது பூக்க வேண்டும் என்பது நம்பிக்கை. மறுநாள் மாலை மிக்குலாஷ், அதாவது புனித நிக்கோலஸ் வருவார்: நீண்ட அங்கி, வெள்ளைத் தாடி, கையில் கோல். ஒரு பக்கம் தேவதை. மறு பக்கம் முகத்தில் கரி பூசி, சங்கிலியைக் குலுக்கிக்கொண்டு வரும் பிசாசு. நல்ல பிள்ளைகளுக்கு மிட்டாய், குறும்புக்காரர்களுக்கு உருளைக்கிழங்கோ ஒரு துண்டு நிலக்கரியோ கிடைக்கும். தாத்தா காலமெல்லாம் வெட்டியெடுத்த பொருள் பேரனுக்குத் தண்டனையாக வந்து சேர்வதை வேறு ஊரில் பார்க்க முடியாது.

அந்த நாட்கள் சரிப்படாவிட்டால் டிசம்பர் 20-ஐ ஒட்டிப் போகலாம். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். 24-ஆம் தேதி மட்டும் வேண்டாம். அன்று மாலைதான் செக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து. பெரிய கடைகள் நண்பகலிலேயே மூட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 25, 26 தேதிகளில் அவை திறப்பதே இல்லை.

படி 2: சரியான ரயில் நிலையத்தில் இறங்குங்கள்

ப்ராகிலிருந்து ஒஸ்த்ராவா 350 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். செக் ரயில்வே, ரெஜியோஜெட், லியோ எக்ஸ்பிரஸ் என மூன்று நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவதால் முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மலிவு. வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் கூட்டம் நெரியும். வியன்னாவிலிருந்தும் நேரடி ரயில்கள் உண்டு.

இனித்தான் முக்கியமான எச்சரிக்கை. ஒஸ்த்ராவா என்ற பெயரில் ஒரு நிலையம் இல்லை, பல உண்டு. ப்ராகிலிருந்து வரும்போது முதலில் வருவது ஒஸ்த்ராவா-ஸ்வினோவ். பெயரைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். சந்தையும் இல்லை, சதுக்கமும் இல்லை. நகரின் மேற்கு ஓரத்தில் குளிரில் நிற்கிறேன். அங்கிருந்தும் டிராமில் போகலாம்தான், ஆனால் அடுத்து வரும் ‘ஹ்லவ்னீ நாட்ரஜீ’, அதாவது தலைமை நிலையத்தில் இறங்கினால் தொலைவு குறைவு. டிராமுக்குள் இருக்கும் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டாலே கட்டணம் செலுத்திவிடலாம். கீழே விழுந்து சிதறும் சில்லறையைப் பொறுக்கும் வேலை இல்லை.

படி 3: பணம்

செக் நாடு ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியில் இருந்தாலும் யூரோ நாணயத்துக்கு மாறவில்லை. அங்கே கொருனாதான். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 24, 25 கொருனா. ஒரு கொருனா நம் கணக்கில் தோராயமாக நான்கு ரூபாய். ஏடிஎம் இயந்திரம் ‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடட்டுமா’ என்று கனிவாகக் கேட்கும். கனிவுக்கு மயங்காதீர்கள், கொருனாவையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம். 10, 20 கொருனா நாணயங்கள் சிலவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள். சூடான பானம் குடித்துக்கொண்டே இருக்கப்போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 4: உடை

காலுக்கு முதலிடம். தலைக்குத் தொப்பி, கழுத்துக்கு மஃப்ளர் என்று எல்லாம் போட்டுக்கொண்டு மெல்லிய ஷூவோடு போய்விடுகிறோம். சந்தையில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். குளிர் கல்தரையிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, கம்பளிக் காலுறை இரண்டும் அவசியம். இன்னொன்று, குளிர்காலத்தில் காற்று அசையாமல் தங்கிவிடும் நாட்களில் இந்த ஊரில் புகைமூட்டம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைய காற்றுத் தர அளவைப் பார்த்துவிட்டு வெளியே போகட்டும்.

படி 5: மாலை நான்கு மணிக்குச் சதுக்கத்துக்குப் போங்கள்

முதன்மைச் சந்தை நடப்பது மசாரிக் சதுக்கத்தில். செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரின் பெயர் அது. ஒரு பக்கம் பழைய நகரமன்றக் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். நடுவில் 1702-ஆம் ஆண்டின் மரியன்னைத் தூண். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த நேரத்தில் போனால் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும், கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் வரிசை நிற்கிறதோ அங்கே இரண்டாவது சுற்றில் நில்லுங்கள்.

ஐந்து மணிக்கு மேல் சந்தையின் முகமே மாறும். அலுவலகமும் ஆலையும் விட்டவர்கள் உயரமான மேசைகளைச் சுற்றிக் கூடி நிற்பார்கள். எவர் கையிலும் பெரிய பை இருக்காது. வாங்குவதற்கு வந்தவர்கள் அல்ல. நின்று பேச வந்தவர்கள். நீங்களும் அப்படி ஒரு மேசையின் ஓரத்தில் கப்பை வைத்துக்கொண்டு ‘தோப்ரீ டென்’ என்று வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் சிரிக்காமல் பதில் வணக்கம் சொல்வார்கள். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், முகம் அப்படி. இரண்டாவது கப்பில் பேச்சு வரும்.

படி 6: குடிப்பது

சூடான மசாலா ஒயினுக்கு ‘ஸ்வர்ஷாக்’ என்று பெயர். பட்டை, கிராம்பு, ஆரஞ்சு போட்டுக் காய்ச்சியது. தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘மெதொவினா’ இனிப்பு தூக்கல். எனக்கு அரைக் கப்பே போதும். மது வேண்டாதவர்கள் ‘தியெட்ஸ்கீ புன்ச்’ என்று கேட்கலாம். சிறுவர்களுக்கான சூடான பழச்சாறு அது. கார் ஓட்டுகிறவர்களும் இதையே குடிக்கட்டும். இந்த நாட்டில் ஓட்டுநரின் இரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது.

ஒரு கப் கேட்கும்போது கட்டைவிரலை நீட்டுங்கள். செக்காரர்கள் எண்ணத் தொடங்குவது கட்டைவிரலில். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் ஆள்காட்டி விரலை நீட்டினேன், கட்டைவிரலும் கொஞ்சம் விலகியிருந்ததோ என்னவோ, இரண்டு கப் வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க மொழி தெரியாமல் இரண்டையும் குடித்தேன்.

பீங்கான் கோப்பையில் தந்தால் பெரும்பாலும் டெபாசிட் வாங்கியிருப்பார்கள். ‘ஸாலொஹா’ என்று பலகையில் எழுதியிருப்பது அதைத்தான். கோப்பையைத் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம். பிடித்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

படி 7: சாப்பிடுவது

இறைச்சி உண்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. ‘க்ளொபாசா’ என்ற சுட்ட தொத்திறைச்சி, கடுகு விழுது, ஒரு துண்டு ரொட்டி, வேலை முடிந்தது. சைவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். ‘ப்ரம்பொராக்’ உருளைக்கிழங்கைத் துருவி, பூண்டும் மார்ஜோரம் இலையும் சேர்த்துச் சுடும் அடை. பார்த்ததும் நம் அடைதான் நினைவுக்கு வரும். ஆனால் மாவில் முட்டை இருக்கும், பொரிப்பது பன்றிக் கொழுப்பிலாகவும் இருக்கலாம், கேட்டுவிடுங்கள். ‘ஹலுஷ்கி’ என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளின் மேல் செம்மறிப் பாலாடைக்கட்டி போடுவார்கள், அதற்கும் மேலே பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவுவார்கள். ‘பெஸ் மசா’, இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது. அந்தக் கொழுப்பை இறைச்சி என்றே கருதாத விற்பனையாளர்கள் உண்டு. ‘பெஸ் ஸ்லனினி’, பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பூண்டும் பாலாடைக்கட்டியும் தடவிய ‘லாங்கோஷ்’ என்ற பொரித்த ரொட்டி ஓரளவு பாதுகாப்பு.

கம்பியில் சுற்றிச் சுடும் ‘டிர்டெல்னிக்’ இனிப்பை வெளியூர்க்காரர்கள் செக் மரபு என்று வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அதன் பெயர்பெற்ற வகை ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊருடையது. இந்தப் பக்கத்துக்கே உரியது வேண்டுமென்றால் ‘ஷ்ட்ராம்பெர்க் காதுகள்’ கிடைக்கின்றனவா என்று பாருங்கள். தேனும் மசாலாவும் சேர்த்த பிஸ்கட்டைச் சூட்டோடு கூம்பாகச் சுருட்டியிருப்பார்கள். 1241-இல் படையெடுத்து வந்த தாத்தாரியர்கள் கிறிஸ்தவர்களின் காதுகளை அறுத்து உப்பிட்டுத் தங்கள் அரசரான கானுக்கு அனுப்பினார்கள் என்ற கதையிலிருந்து வந்த பெயர். கதையைச் சாப்பிட்ட பிறகு குழந்தைகளிடம் சொல்லுங்கள்.

படி 8: கெண்டை மீன் தொட்டி

டிசம்பர் 20 வாக்கில் தெருவோரங்களில் பெரிய தொட்டிகள் முளைக்கும். உள்ளே உயிருள்ள கெண்டைகள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வறுத்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலடும்தான் மரபு. ‘உயிரோடு வேண்டுமா, வெட்டித் தரட்டுமா’ என்று விற்பவர் கேட்பார். முன்பெல்லாம் உயிரோடு வாங்கிப் போய்க் குளியல் தொட்டியில் விட்டுவைப்பார்களாம். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட, பிறகு வெட்டவும் முடியாமல் ஆற்றில் விட்ட கதை பல குடும்பங்களில் உண்டு. வாங்காவிட்டாலும் நின்று பார்க்கலாம். ஒரு செதிலைப் பணப்பையில் வைத்தால் ஆண்டு முழுவதும் பணம் தங்கும் என்பார்கள்.

படி 9: மறுநாள் காலையை ஒதுக்கி வையுங்கள்

சந்தையை மட்டும் பார்த்துவிட்டு ரயில் ஏறினால் ஊரைப் பார்த்ததாகாது. தொடக்கத்தில் சொன்ன பழைய இரும்பாலை வளாகமான டோல்னீ வீட்கொவிட்சேயில், 1998-இல் அணைந்த ஊதுலைகள் (இரும்பு உருக்கும் உலைகள்) அப்படியே நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல் கட்டிய கோபுரத்துக்கு, இந்த ஊர்த் தடகளப் போட்டிகளில் பலமுறை ஓடிய உசேன் போல்ட்டின் பெயர். பழைய எரிவாயுத் தொட்டி ஒன்று இசையரங்கமாகிவிட்டது.

நேரம் மிஞ்சினால் எமா குன்று. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவுக் கற்கள் மலையாகி, உள்ளுக்குள் இன்னமும் புகைந்துகொண்டிருக்கிறது. ஊரெல்லாம் பனி மூடியிருக்கும்போது அதன் உச்சியில் சில இடங்களில் பனி தங்காது. பிளவுகளிலிருந்து ஆவி எழும். மையத்திலிருந்து நடந்தே ஏறலாம். ஆவி வரும் பிளவுகளை விட்டுத் தள்ளி, குறியிட்ட பாதையிலேயே போங்கள். இறங்கும்போது ஈரச் சேறு வழுக்கும். படி 4-இல் சொன்ன ஷூ இங்கேதான் மறுபடியும் உதவும்.