படம் எடுத்தவரிடமே முடிவை விடுங்கள்

வீடற்றவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்து, அவர்கள் பார்க்கும் ஊரை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தருமபுரி, ஓசூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் யோசனை கேட்டு வருகிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். சார்ஜ் போடாதது, மெமரி கார்டை மறந்தது எல்லாம் தானே சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

படத்தை நீங்களே பொறுக்குவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். தருமபுரிப் பக்கம் ஒரு பேருந்து நிலையத்தில் இரவு தங்கும் அம்மா ஒருவர், ஒரு குழு கொடுத்த கேமராவில் கோணலாக ஒரு படம் எடுத்திருந்தார். பூட்டிய தகரக் கதவு, மேலே கட்டணப் பலகை, கீழே ஒரு பிளாஸ்டிக் குடம். “இதில் ஒன்றுமே இல்லையே” என்று குழு அதை ஒதுக்கியது. அவர் சாக்கு விரித்துப் படுத்திருந்ததைத் தாங்களே எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பெரிதாக மாட்டினார்கள். வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நாலைந்து கம்பளி வந்தது. அதோடு சரி.

பிறகு அந்தக் கதவைப் பற்றி அவரிடம் கேட்டேன். “ராத்திரி கக்கூஸப் பூட்டிடறாங்க கண்ணு. அதனால பொழுது சாஞ்சா தண்ணியே குடிக்கறதில்ல” என்றார். இரவிலும் கழிப்பறை திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கை முழுசாக அந்தப் படத்தில் இருந்தது. கண்காட்சிக்கு வந்த யாருக்கும் அது தெரியாமலே போயிற்று.

1990-களில் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்ற, மக்களே படமெடுத்துத் தங்கள் நிலையைப் பேசும் முறையை வகுத்தபோதே, எந்தப் படம், அதன் கதை என்ன என்பதைச் சொல்லும் உரிமையை எடுத்தவருக்குத்தான் வைத்தார்கள். பின்னர் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வீடற்றோர் காப்பகத்தில் தங்கியவர்களோடும் வாங் இதைச் செய்தார். படத்தை நடுவில் வைத்துக் கேட்கும் கேள்விகள் எளியவை: இதில் என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஏன் இப்படி? என்ன செய்யலாம்? இப்படி உட்கார்ந்து பேச ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியாதென்றால் கேமராவே கொடுக்காதீர்கள்.

முதல் நாள் கைநாட்டோடு சம்மதம் முடிந்தது என்று நினைப்பது

ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேளுங்கள். எங்கே மாட்டுவோம், வாட்ஸ்அப்பில் போகுமா என்று விளக்குங்கள். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்து ஓசூரில் யாருக்கும் தெரியாமல் இருக்கும் பெண்ணுக்கு, பின்னணியில் தெரியும் ஒரு கடைப் பலகைகூட ஆபத்துதான். இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால், மறுபேச்சில்லாமல் படத்தைக் கழற்றிவிடுங்கள்.

குழந்தைகளின் முகம்

வேண்டவே வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிரதி கொடுக்காமல் கேமராவைத் திரும்ப வாங்குவது

அச்சிட்ட படம் எடுத்தவர் கைக்குப் போகட்டும். அப்புறம் வாங்குங்கள்.

தெரிந்தவர்களை மட்டும் அழைப்பது

நகராட்சி ஆணையர், வார்டு கவுன்சிலர், பேருந்து நிலையக் கடைக்காரர்கள் வராத கண்காட்சியால் அந்தப் பூட்டு திறக்காது. 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், வீடற்றோர் காப்பகத்தில் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும், குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று நெறி வகுத்தது. அதை அச்சடித்துப் படங்களுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அதிகாரி வந்து நிற்கும்போது மைக்கை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் படம் எடுத்தவரிடம் கொடுங்கள்.