நண்பனை இழந்த பிள்ளைகளோடு அந்தப் படத்தைப் பார்ப்பது எப்படி

நண்பன் ஒருவனின் தற்கொலைக்குப் பிறகு பதின்வயதுப் பிள்ளைகள் எப்படி நாட்களைக் கடத்துகிறார்கள் என்பதைச் சொல்லும் படங்கள் இப்போது ஓடிடி தளங்களில் பல மொழிகளில் கிடைக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பெரும்பாலும் இரவில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கைபேசியில் தனியாகவே பார்த்துவிடுகிறார்கள். என் அண்ணன் மகனோடு பி.யு.சி. (கர்நாடகத்தில் பிளஸ் டூ) படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் தற்கொலையால் இறந்துபோனான். ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில், என் அண்ணன் மகனும் அவனுடைய நண்பர்கள் மூவரும் நானுமாக அப்படியொரு படத்தைப் பார்த்தோம். அன்று சரியாகச் செய்தவற்றையும் தவறவிட்டவற்றையும் வைத்து, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் அத்தை, மாமா, சித்திமாருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். 14416 என்ற மனநல உதவி எண்ணை இப்போதே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

எப்போது பார்க்கலாம்

இழப்பு நேர்ந்த முதல் சில வாரங்களில் எந்தப் படமும் வேண்டாம். அந்த நாட்களில் பிள்ளைக்கு வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடு, உறக்கம், பக்கத்தில் ஓர் ஆள், இறந்தவனின் வீட்டுக்குப் போய் வர அனுமதி ஆகியவைதான். நம் வீடுகளில் பிள்ளைகளைத் துக்க வீட்டுக்கு அழைத்துப் போகத் தயங்குவோம். அதுவும் அகால மரணம் என்றால், பயந்துவிடுவார்கள் என்று வாசலோடு நிறுத்திவிடுவோம். எங்கள் பிள்ளைகள் நால்வரில் மூவரை வீட்டார் அனுப்பவே இல்லை. கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கவில்லை என்ற குறை அந்த மூவருக்கும் ஐந்து மாதம் கழித்தும் ஆறவில்லை என்பதைப் படம் பார்த்த அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

சில மாதங்கள் ஆன பிறகும், தேர்வுக்கு முந்தைய வாரத்தையும் தேர்வு முடிவு வரும் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். வரப்போகும் பிள்ளைகளில் யாராவது முன்பு தற்கொலைக்கு முயன்றிருந்தாலோ மனநலச் சிகிச்சையில் இருந்தாலோ, அவர்களுடைய மருத்துவரைக் கேட்காமல் உட்கார வைக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். பிள்ளைகளிடமும் படம் எதைப் பற்றியது என்பதை மூடி மறைக்காமல் சொல்லி, வர விருப்பமில்லை என்றால் வர வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

முதலில் நீங்கள் தனியாக, ஒரு காட்சியைக்கூடத் தள்ளிவிடாமல், படத்தை முழுவதும் பார்க்க வேண்டும். 2024-ல் வந்த தணிக்கை விதிகளின்படி யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடிடி தளங்களிலும் வயதுக் குறிப்பும் உள்ளடக்கக் குறிப்பும் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 2017-ல் வெளியான, ஒரு மாணவியின் தற்கொலையைச் சுற்றிய அமெரிக்கத் தொடர் ஒன்றில் அந்தச் செயலையே நீளமாகக் காட்டிய காட்சியை, மருத்துவர்களின் ஆலோசனையைக் கேட்ட பிறகு, 2019 ஜூலையில்தான் நெட்ஃப்ளிக்ஸ் நீக்கியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அதை எத்தனையோ பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

அதே 2019-ல் உலக சுகாதார நிறுவனம் திரைத்துறையினருக்காக ஒரு கையேடு வெளியிட்டது. இறந்த விதத்தைக் காட்ட வேண்டாம், ஒற்றைக் காரணத்தில் முடிச்சுப் போட வேண்டாம், உதவி கேட்டு மீண்டு வருபவர்களைக் காட்டுங்கள், நண்பர்களும் குடும்பமும் தாங்கிப் பிடிப்பதைக் காட்டுங்கள் என்பவை அதன் முக்கியமான அறிவுரைகள். இவை எடுப்பவர்களுக்குச் சொன்னவை என்றாலும், தேர்ந்தெடுக்கும் நமக்கும் உரைகல்லாகவே பயன்படுகின்றன. இவற்றோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். சாவை ஒரு பழிவாங்கலாக, மற்றவர்களுக்குப் பாடம் புகட்டும் செயலாக, அல்லது காதலின் உச்சமாகக் காட்டும் படம் எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும் வேண்டாம். காதலுக்காக உயிர்விடுவதைப் பெருமையாகக் காட்டும் பழக்கம் நம் சினிமாவில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நாமும் அதைப் பார்த்து அழுது வளர்ந்தவர்கள்தான் என்பதால், அதன் ஆபத்து நம் கண்ணுக்குச் சட்டென்று படுவதில்லை. இறந்தவனைவிட இருப்பவர்கள் மேல் கேமரா அதிக நேரம் நிற்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகள் கோபப்பட வேண்டும், நேரங்கெட்ட நேரத்தில் சிரிக்க வேண்டும், ஒருவரோடொருவர் சண்டை போட வேண்டும், கடைசியில் யாரிடமாவது வாய் திறக்க வேண்டும்.

நெருக்கடியில் இருந்த ஒருவர் அதைத் தாண்டி வந்த கதைகளைச் சொல்வது தற்கொலைகள் குறைவதோடு சேர்ந்து வருகிறது என்று 2010-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் கண்டறிந்து, அந்த விளைவுக்கு பாபகேனோ என்று பெயரிட்டார்கள். 1791-ல் அரங்கேறிய மோட்சார்ட்டின் இசை நாடகம் ஒன்றில் வரும் பறவை பிடிப்பவனின் பெயர் அது. உயிரை விடத் துணிந்த அவனைத் தடுத்து, வேறு வழி இருக்கிறது என்று நினைவூட்டுபவர்கள் மூன்று சிறுவர்கள். நண்பர்களுக்காகப் படம் தேடும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று சிறுவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

மொழி விஷயமும் சிறியதல்ல. பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்பவர்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ்த் துணையெழுத்தை ஓடும் வேகத்தில் படிக்க எல்லோராலும் முடியாது. அவர்கள் தங்களுக்குள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்களோ அந்த மொழியில் படம் கிடைத்தால் அதுவே நல்லது.

ஹாலில் செய்ய வேண்டியவை

பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குங்கள். படம் முடியும்போது வெளியே வெளிச்சம் இருக்க வேண்டும், பேசுவதற்கு மாலை முழுவதும் மீதி இருக்க வேண்டும். திரைச்சீலைகளை முழுவதும் மூட வேண்டாம். ரிமோட் பிள்ளைகளில் ஒருவரிடம் இருக்கட்டும். யார் கேட்டாலும் நிறுத்தலாம், எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு பெரியவர் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பாதிப் படத்தில் எழுந்துபோன பெண்பிள்ளை அவர் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல், வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தட்டில் காங்கிரஸ் கடலையோ முறுக்கோ ஏதாவது இருக்கட்டும். அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கை எதையாவது செய்ய வேண்டியிருக்கிறது.

படம் முடிந்தவுடன் பேசுவது

நான் முதல் தவறு செய்தது இங்கேதான். பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே டிவியை நிறுத்திவிட்டு, "எப்படிப்பா இருந்தது படம்?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்று மூன்று குரல்கள் வந்தன, அதோடு பேச்சு அறுந்துபோனது. பெயர்கள் முழுவதும் ஓடட்டும். டீயைக் கொண்டு வாருங்கள். பிறகு அவர்களுடைய நண்பனைப் பற்றிக் கேட்காமல், படத்தில் வருபவர்களைப் பற்றியே கேளுங்கள்: யார் மேல் கோபம் வந்தது, எந்த இடம் பொய்யாகத் தெரிந்தது, அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள். தன் நண்பனைப் பற்றி ஐந்து மாதமாக வாய் திறக்காத பிள்ளை, படத்தில் வரும் பையனைப் பற்றி அரை மணி நேரம் பேசும். அதன் நடுவில் எங்கேயோ அவன் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பான். அந்தத் தாண்டலை நீங்கள் கவனிக்க வேண்டும், ஆனால் கவனித்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது.

எங்கள் வீட்டில் அது இப்படி நடந்தது. நால்வரில் மிகவும் அமைதியான பையன், விரலால் தட்டிலிருந்த கடலையை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே, "படத்துல அவன் போனை எடுத்து எடுத்துப் பாக்கறான்ல, அது மட்டும் கரெக்டா காட்டியிருக்காங்க" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவனே தன் கைபேசியைத் திறந்து என் பக்கம் நீட்டினான். இறந்துபோன நண்பன் கடைசி இரவு பதினொன்றே முக்காலுக்கு அனுப்பியிருந்த "மச்சா, தூங்கிட்டியா" என்ற செய்தி இருந்தது. அதற்குக் கீழே, மறுநாள் காலை இவன் அனுப்பிய "சொல்றா" என்ற பதில், ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றிருந்தது.

உடனே நான், "உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா" என்றேன். இது என் இரண்டாவது தவறு. சொன்னது உண்மைதான், ஆனால் சொல்ல வேண்டிய நேரம் அதுவல்ல. அப்படிச் சொன்னதும் அவன் போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். ஆறுதல் சீக்கிரம் வந்துவிட்டால், பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. "அன்னிக்கு நீ எங்க இருந்தே, என்ன பண்ணிட்டிருந்தே, சொல்லு" என்று கேட்டிருக்க வேண்டும்; அண்ணி அதைத்தான் பிறகு கேட்டார், அவனும் மறுநாள் கெமிஸ்ட்ரி தேர்வுக்காக அம்மா போனை வாங்கி வைத்துக்கொண்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். முழுவதும் கேட்ட பிறகு சொல்ல வேண்டியது இதுதான்: தற்கொலை எந்த ஒரு செய்தியாலும், ஒரு மதிப்பெண்ணாலும், ஒரு சண்டையாலும் நேர்வதில்லை, வெளியே தெரியாத மனச்சோர்வு, வீட்டுச் சூழல், நெடுநாள் அழுத்தம் என்று பல சேர்ந்து ஒருவனை அங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன, கூட இருந்த யாருக்கும் அது முழுவதும் தெரிந்திருக்க வழியில்லை.

பேசும்போது சொற்களில் கவனம் வேண்டும். நம் பேச்சு வழக்கில் தற்கொலையைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவற்றில் செய்த விதமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. செய்தித் தலைப்புகளிலும் அப்படித்தான். விதத்தைத் தவிர்த்து, "தற்கொலையால இறந்துட்டான்" என்று நேராகச் சொல்லலாம். "கோழை" என்றும் சொல்லாதீர்கள், "எவ்வளவு தைரியம் பாரு" என்றும் சொல்லாதீர்கள். "நல்ல இடத்துக்குப் போயிட்டான், இனிமே அவனுக்குக் கஷ்டமில்ல" என்பது நாம் எல்லாத் துக்க வீட்டிலும் சொல்லும் ஆறுதல்தான். ஆனால் தானும் கஷ்டத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழும்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி

ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக, முகத்தைப் பார்த்து, இதைக் கேட்க வேண்டும்: "உனக்குச் செத்துப்போகணும்னு எப்பவாவது தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, மனநல மருத்துவர்கள் இதைத் தெளிவாகவே சொல்கிறார்கள். நாம் பயத்தில் கேள்வியைத் திருப்பி, "உனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்போம். அந்த "இல்லையே"வில் இல்லை என்ற பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். அப்படிக் கேட்காதீர்கள்.

ஆம் என்று பதில் வந்தால் பதறாமல், திட்டாமல், சத்தியம் வாங்காமல், சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று ஏதாவது நினைத்து வைத்திருக்கிறாயா என்றும் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடம் சொல்லலாம் என்பதை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். திட்டம் ஏதும் இருக்கிறது என்று தெரிந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. 14416 என்பது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அதை நாடு முழுவதும் ஒருங்கிணைப்பதும் நிம்ஹான்ஸ்தான். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவையும் 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

போலீஸ் வழக்கு வந்துவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவே, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. இதைப் பிள்ளையின் அப்பா அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அதற்குப் பின் வரும் நாட்கள்

மறுநாள் காலை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். உறக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால் போதும். அடுத்த இரண்டு வாரம், தூங்காமல் இருப்பது, பிடித்த பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்பது போன்ற பேச்சு ஆகியவற்றைக் கவனியுங்கள். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லுங்கள், ஆனால் படம் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் அல்சூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, கூட்டமாகத் தோசை சாப்பிட வந்தார்கள்.

ஒரு வேலை மட்டும் ஓராண்டுக்கு உங்கள் பொறுப்பில் இருக்கும். இறந்தவனின் குடும்பம் பஞ்சாங்கம் பார்த்துத் திதி கொடுக்கும்; நண்பர்களுக்கோ அந்த ஆங்கிலத் தேதிதான் வலிக்கும், அவனுடைய பிறந்த நாள் வலிக்கும், அவன் பெயர் இல்லாமல் பி.யு.சி. முடிவு வெளியாகும் நாள் வலிக்கும். மூன்று தேதிகளையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, அன்று காலையில் நீங்களே முதலில் போன் செய்யுங்கள்.