கடை சாத்திய பிறகு 10 நிமிடப் பணியாரம்

காரைக்குடியில் நான் கடை சாத்த ராத்திரி 9 மணி ஆகிவிடும். தெருவில் இறங்கினால் கொத்துப் பரோட்டா தட்டும் சத்தம்தான் முதலில் காதில் விழும். ரத்த அழுத்தம் ஏறியதும் பரோட்டா மாஸ்டரைத் திட்டினேன். அவரா எனக்கு ஊட்டிவிட்டார்?

முதல் வேலை, வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். 7 மணிக்கே ஒரு கை பொட்டுக்கடலை, ஒரு டம்ளர் மோர்.

வீட்டில் புளித்த இட்லி மாவு இருக்கட்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மாவில் கொட்டுங்கள். பணியாரக்கல்லில் குழிக்குக் கால் ஸ்பூன் நல்லெண்ணெய் போதும். (எங்கள் ஆச்சி குழி நிறைய விடுவார், அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம்.) முக்கால் குழி ஊற்றி, தீயைக் குறைத்து மூடுங்கள். ஓரம் சிவந்ததும் கம்பியால் திருப்புங்கள். தீ கூடினால் வெளியே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும்.

மாவில் உப்பு இருப்பதால் தாளிப்பில் சேர்க்காதீர்கள். நாளெல்லாம் சேர்த்தே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்தான்.

ஞாயிறு மட்டும் பரோட்டா உண்டு. இரண்டு. சால்னா தனிக் கிண்ணத்தில். மூன்றாவது வரும்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிடுகிறேன்.