பத்துகளை எண்ணுங்கள், இன்ஷூரன்ஸை அப்புறம் பார்க்கலாம்

என் அண்ணன் மகன் சூதாட்டக்கூடத்தில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில், முதல் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாகவோ படமாகவோ வரும் என்று ஜோடிச் சீட்டுப் பந்தயம் கட்டிப் பணத்தை விட்டுவிட்டு, சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். "சித்தப்பா, நீங்கள் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, விழுந்த சீட்டுகளை எண்ணி இதில் ஜெயிக்க வழியில்லையா?" என்றான். ஜோடிக்கு வழியில்லை என்றேன். எட்டுச் சீட்டுக்கட்டுகளைச் சேர்த்து ஆடும் ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக அமைய 415-இல் 31 வாய்ப்புதான். ஒரே சின்னத்து ஜோடிக்கு 25, ஒரே நிற ஜோடிக்கு 12, மற்ற ஜோடிக்கு 6 மடங்கு தரும் மேசையிலும் நூறு வெள்ளிக்குச் சராசரியாக நான்கு வெள்ளி போய்விடும். அதை மாற்ற வேண்டுமானால் 52 வகைச் சீட்டையும் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு ஒழுங்காகப் படியும் துணைப் பந்தயம் இன்ஷூரன்ஸ். சீட்டுப் போடுபவரின் திறந்த சீட்டு ஏஸாக இருந்தால், மூடிய சீட்டு பத்து மதிப்புள்ளது (பத்து, ஜாக், ராணி, ராஜா) என்று பந்தயத்தில் பாதியைக் கட்டலாம். சரியானால் கட்டியதைப்போல் இரண்டு மடங்கு லாபம் கிடைக்கும். ஆகவே, மிச்சமிருக்கும் சீட்டுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பத்துகளாக இருந்தால் மட்டுமே அது லாபம். ஆறு கட்டுகளில், அந்த ஏஸ் போக 311 சீட்டில் 96 பத்துகள்தான் இருக்கின்றன. எண்ணாமல் கட்டுபவர் நூறு வெள்ளிக்கு ஏழு வெள்ளிக்கு மேல் இழக்கிறார். 1962-இல் கணித அறிஞர் எட்வர்ட் தோர்ப் தம் நூலில் உலகுக்குச் சொன்ன முறையும் பத்துகளைத்தான் பின்தொடர்ந்தது.

முறை இதுதான். ஒரு கட்டுக்கு மைனஸ் 4 வீதம் தொடங்குங்கள். ஆறு கட்டுக்கு மைனஸ் 24. பத்து, ஜாக், ராணி, ராஜா விழுந்தால் இரண்டைக் கழியுங்கள். ஏஸ் உட்பட மற்ற எது விழுந்தாலும் ஒன்றைக் கூட்டுங்கள். எண் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் இன்ஷூரன்ஸ் எடுங்கள். மிச்சமுள்ள கட்டுகளால் வகுக்கும் வேலை இல்லை. அந்த எண்ணே மிச்சமுள்ள பத்துகளின் இரு மடங்கிலிருந்து மிச்சமுள்ள மற்றவற்றைக் கழித்த மீதி. நூறு சீட்டு மிச்சம், அதில் 35 பத்துகள் என்றால் எண் 5 காட்டும். நூறு வெள்ளிக்கு ஐந்து வெள்ளி உங்கள் பக்கம்.

உங்களிடம் ஏஸும் பத்தும் சேர்ந்த பிளாக்ஜாக் இருந்து, சீட்டுப் போடுபவரிடம் ஏஸ் திறந்திருக்கும்போது, பந்தயத்துக்குச் சமமான பணத்தை உடனே வாங்கிக்கொள்ள "சமப்பணம் வேண்டுமா?" என்று கேட்பார்கள். பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். அது இன்ஷூரன்ஸின் இன்னொரு பெயர். உங்கள் கையிலேயே ஒரு பத்து இருப்பதால் வாய்ப்பு இன்னும் குறைகிறது. நல்ல கையைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையை விட்டு, எண்ணைப் பாருங்கள்.

விழுந்த சீட்டை உடனுக்குடன் மறுபடி கலக்கும் இயந்திரம் உள்ள மேசையில் இதெல்லாம் வீண். எண்ணுவது மனத்தில் மட்டும். கருவியை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள், அது சட்டச் சிக்கல். இன்னொன்றையும் அவனிடம் ஒளிக்கவில்லை. ஏஸ் திறப்பது பதின்மூன்று கைக்கு ஒன்று. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் இங்குள்ள சூதாட்டக்கூடத்துக்கு 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கொடுக்கிறார்கள். இன்ஷூரன்ஸை மட்டும் நம்பி அந்தப் பணத்தை மீட்க முடியாது.

பயிற்சிக்கு ஒரு கட்டு போதும். பார்க்காமல் ஒரு சீட்டை எடுத்துக் கோப்பிக் குவளைக்கு அடியில் வையுங்கள். மைனஸ் 4-இல் தொடங்கி மீதி 51 சீட்டையும் இரண்டிரண்டாகத் திருப்புங்கள். இரண்டும் பத்து என்றால் மைனஸ் 4, ஒன்று மட்டும் பத்து என்றால் மைனஸ் 1, இரண்டும் வேறு என்றால் கூட்டல் 2. கடைசியில் ஒற்றைச் சீட்டு மிஞ்சும். முடிவில் மைனஸ் 1 வந்தால் ஒளித்த சீட்டு பத்தல்ல. கூட்டல் 2 வந்தால் அது பத்து. வேறு எண் வந்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

அவனுக்கு முதல் நான்கு முறையும் வேறு எண்கள்தான் வந்தன. ஐந்தாம் முறை விரலை மேசையில் தட்டிக்கொண்டே, "கூட்டல் இரண்டு" என்றான். குவளையை நகர்த்தினேன். ஸ்பேட் ராஜா.