'எக்விற்றபிள்' (equitable) என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருத்தமாகக் கையாளுவது எப்படி?

ஆங்கிலத்தில் விண்ணப்பமோ கூட்டத் தீர்மானமோ எழுதும்போது, நியாயமான பங்கீடு என்ற கருத்து வந்ததும் நம்மவர் பலர் 'ஈக்குவல்' (equal) என்றே எழுதிவிடுகிறார்கள். அவ்விடங்களிற் பெரும்பாலும் வரவேண்டிய சொல் 'எக்விற்றபிள்' ஆகும். முன்னது அளவு ஒன்றாயிருப்பதையும், பின்னது அவரவர் நிலை அறிந்து நியாயமாயிருப்பதையும் குறிக்கும்.

பங்குக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பங்காளர் மூவரில் ஒருவர் ஆறு பரப்பில் (பரப்பு என்பது யாழ்ப்பாண நில அளவு) வெங்காயம் நட்டிருக்கிறார். மற்ற இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பரப்புத் தோட்டமே உண்டு. ஆளுக்கு ஒரு நாள் என இறைப்பு முறை வகுத்தால் அது ஈக்குவல். பயிரையும் பரப்பையும் பார்த்துப் பெரிய தோட்டத்துக்குக் கூடுதல் நாளும், குடிநீருக்கும் அக்கிணற்றையே நம்பியிருக்கும் வீட்டுக்கு நாள்தோறும் காலைப்பொழுதும் ஒதுக்கினால் அது எக்விற்றபிள். ஆகவே எழுதுமுன், எல்லோருக்கும் ஒரே அளவைக் கேட்கிறோமா, தக்க அளவைக் கேட்கிறோமா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பல நாடுகளினூடாகப் பாயும் ஆறுகளின் பயன்பாடு குறித்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1997 இல் ஏற்றுக்கொண்ட சமவாயமும் இந்தச் சொல்லையே ஆள்கிறது.

இரு சொற்களும் மயங்குவதற்குக் காரணம் உண்டு. மேடுபள்ளமற்ற சமநிலத்தையும் நேர்மையையும் ஒருங்கே குறித்த லத்தீன் சொல்லே இரண்டுக்கும் வேர். எக்விற்றபிள் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் பொதுச் சட்டத்தின் இறுக்கத்தால் நீதி கிடைக்காதவர்களுக்குச் அரசரின் உயர் அதிகாரியான சான்சலரின் நீதிமன்றம் வழங்கிய பரிகாரங்களின் தொகுதி 'எக்விற்றி' (எக்விற்றபிள் என்பதன் பெயர்ச்சொல்) எனப்பட்டது. சட்டத் தமிழில் இதனை ஒப்புரவு என்பர். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும், அடிப்படை உரிமை வழக்குகளில் உயர் நீதிமன்றம் அளிக்கக்கூடிய நிவாரணத்தை 126 ஆம் உறுப்புரையின் ஆங்கில வாசகத்தில் எக்விற்றபிள் என்ற சொல்லாலேயே விவரிக்கிறது. உரிமை கோரி எழுதுவோர் இதன் கனத்தை உணர்ந்து எழுதுவது நல்லது.

உச்சரிக்கும்போது முதல் அசையை அழுத்த வேண்டும். பங்கீடு, தீர்வு, உடன்பாடு ஆகியவற்றுக்கு அடைமொழியாக இது இயல்பாகப் பொருந்தும். நடுநிலை தவறாத ஓர் ஆளைக் குறிக்க 'ஃபெயர்' அல்லது 'இம்பார்ஷல்' என்பதே வழக்கு. எதிர்ச்சொல் 'இன்எக்விற்றபிள்' ஆகும்; 'அன்' என்ற முன்னொட்டைச் சேர்க்கலாகாது. வங்கி, பங்குச்சந்தைப் பத்திரங்களில் வரும் 'எக்விற்றி' உரிமை மூலதனத்தைக் குறிப்பதால், அங்கு அதனை நியாயம் என்று பொருள்கொள்ளக்கூடாது.